இலவச மருத்துவ வண்டி என் தலையில் விழுந்த கதை

நான் டாக்டர் இல்லை, நர்சும் இல்லை. புதுச்சேரியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் லேப் டெக்னீஷியன், வீடு பாகூர் பக்கம். கடலூர் மாவட்டக் கிராமங்களுக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் போகிற ஒரு இலவச மருத்துவ வண்டியில் சர்க்கரை பார்த்துக் கொடுக்கப் போனவள், ஒரு கட்டத்தில் அந்த வண்டி மொத்தமும் என் தலையில் விழ, தனியாளாக அதை இழுத்துக்கொண்டு போனேன். கையிலிருந்து போனது 2,40,000 ரூபாய்க்கு மேல். ஒரு ஆரமும் இரண்டு வளையலும் அடகுக் கடைக்குப் போயின, அதில் ஒரு வளையல் இன்னும் வீட்டுக்கு வரவில்லை. இதே மாதிரி வண்டி எடுக்கலாமா என்று கேட்டு அவ்வப்போது யாராவது போன் செய்கிறார்கள். ஒவ்வொருவரிடமும் முதலிலிருந்து சொல்லி முடிப்பதற்குள் சோறு ஆறிவிடுகிறது, அதனால்தான் எழுதி வைக்கிறேன். எனக்கு யாராவது முன்பே இதையெல்லாம் சொல்லியிருந்தால் பணமாவது மிஞ்சியிருக்கும்.

வண்டியின் பூர்வீகம் 2015 நவம்பர் வெள்ளம். அந்த மழையில் கடலூர் மாவட்டம் பட்ட பாடு எல்லோருக்கும் தெரியும். அப்போது மருத்துவ முகாம் போட வராத ஆள் இல்லை. ஆனால் எல்லா முகாமும் கார் போகிற ரோட்டோரத்திலேயே நடந்தது. ஒரே ஊருக்கு மூன்று குழு வந்து ஒரே ஜுர மாத்திரையைக் கொடுத்துவிட்டுப் போக, இரண்டு கிலோமீட்டர் உள்ளே இருந்த ஊருக்கு யாருமே வரவில்லை. அதைப் பார்த்து மனசு கேட்காமல் ஒரு பெரியவர் ஒரு சின்ன டிரஸ்ட் ஆரம்பித்து, பழைய டெம்போ டிராவலர் ஒன்றை வாங்கி, பின்சீட்டை எல்லாம் எடுத்துவிட்டு ஒரு கட்டிலும் மருந்து அலமாரியும் போட்டார். நல்ல மனுஷர், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. வருஷக்கணக்கில் நடத்தினார். கொரோனாவுக்கு அப்புறம் உடம்பு முடியாமல் மகனோடு வெளிநாட்டுக்குப் போய்விட்டார். போகும்போது சாவியை என் கையில் கொடுத்து, "நீதாம்மா பொறுப்பா இருக்கே, பார்த்துக்கோ, பேப்பர் எல்லாம் வண்டியிலேயே இருக்கு" என்றார். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. டிரைவர் சீட்டுக்கு மேலே இருந்த அந்தப் பிளாஸ்டிக் கவரில் என்ன இருந்தது, என்ன இல்லை என்பது 2024-இல் மறுபடி வெள்ளம் வந்த பிறகுதான் தெரிந்தது. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

முதலில் காசு. பாகூரிலிருந்து பண்ருட்டிக்கு மேற்கே முந்திரிக்காட்டுப் பக்கம் போய்வர டீசல், டிரைவர் அண்ணனுக்கு 800 ரூபாய், வந்தவர்களுக்குச் சாப்பாடு, சர்க்கரை பார்க்கிற ஸ்டிரிப் ஒன்றுக்குப் பன்னிரண்டு பதிமூன்று ரூபாய் வீதம் ஐம்பது அறுபது பேருக்கு, மாத்திரைகள், எல்லாம் சேர்த்து ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கு ஆறாயிரம், ஏழாயிரம் ஆகிவிடும். (டீசலை எல்லையில் இருக்கிற முள்ளோடை தாண்டுவதற்கு முன்பே, புதுச்சேரி விலையில் போட்டுக்கொள்ளுங்கள். கடலூர் பக்கம் சோதனைச் சாவடியில் சரக்கு பாட்டில் இருக்கிறதா என்று நிறுத்திப் பார்ப்பார்கள், எங்கள் ஸ்பிரிட் பாட்டிலை ஒருவர் மோந்து பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்ததும் உண்டு.) பெரியவர் இருந்தவரை அவர் நண்பர்கள் பணம் கொடுத்தார்கள். அவர் போன பிறகு முதல் சில மாதம் வந்தது, அப்புறம் "ரசீது கொடுங்க, 80ஜி இருக்கா" என்று கேட்க ஆரம்பித்தார்கள். 80ஜி என்பது நன்கொடை கொடுத்தவருக்கு வருமான வரிச் சலுகை தருகிற ரசீது, அதைப் பதிவு பெற்ற, அந்த அனுமதி இருக்கிற அமைப்புதான் கொடுக்க முடியும். டிரஸ்ட் பெயரில் யாரும் கணக்குத் தாக்கல் செய்யாமல் அது பாட்டுக்குக் கிடந்தது. நான் தனி ஆள், என் ஜிபே நம்பரில்தான் பணம் வாங்கினேன். அது வந்த வேகத்தில் மருந்துக் கடைக்குப் போனது. ஆனாலும் சொந்தக்காரர் ஒருவர் ஒரு கல்யாணத்தில் எல்லோர் முன்னாலும், "சேவைன்னு சொல்லிக்கிட்டு நல்லா வசூல் போல" என்று சிரித்தார். அன்றைக்கு ராத்திரி நான் அழுத அழுகையை என் வீட்டுக்காரர் மட்டும்தான் பார்த்தார். பத்து ரூபாய் வாங்கினாலும் வண்டிக்கென்று தனி வங்கிக் கணக்கு வைத்து வாங்குங்கள், குறைந்தது இரண்டு பேர் கையெழுத்துப் போடுகிற கணக்காக இருக்கட்டும். இல்லையென்றால் பணமாக வாங்காதீர்கள், மருந்துக் கடைக்கு நேராகக் கட்டச் சொல்லிவிடுங்கள். நான் பிற்பாடு அப்படித்தான் செய்தேன். கொடுக்கிறவர்கள் எண்ணிக்கை பாதியானது, என் தூக்கம் திரும்பி வந்தது.

காசு கொடுக்காதவர்கள் மருந்து கொடுப்பார்கள். இது இன்னொரு தலைவலி. அட்டைப் பெட்டி அட்டைப் பெட்டியாக வரும், பிரித்தால் காலாவதியாக ஒரு மாதம், ஒன்றரை மாதம் பாக்கி இருக்கிற சாம்பிள் மாத்திரைகள். பிபி மாத்திரை நான்கு வகை, ஒவ்வொன்றிலும் இரண்டு அட்டை. இதை வைத்துக்கொண்டு ஒருவருக்கு இந்த மாதம் கொடுத்ததை அடுத்த மாதம் கொடுக்கவே முடியாது. நாடு விட்டு நாடு அனுப்புகிற மருந்து நன்கொடைக்கே, வந்து சேரும்போது குறைந்தது ஒரு வருஷமாவது ஆயுள் மிச்சமிருக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதல் சொல்கிறது. நம் வண்டிக்கு ஆறு மாதம் என்றாவது ஒரு கோடு போட்டுக்கொண்டு, அதற்குக் கீழே இருந்தால் கும்பிடு போட்டுத் திருப்பி அனுப்பிவிடுங்கள். மனஸ்தாபம் வரும், வரட்டும். காலாவதியான மருந்தைக் குப்பையில் போடவும் முடியாது, வீட்டில் வைக்கவும் முடியாது. எங்கள் மாடிப்படிக்குக் கீழே நான்கு பெட்டி நெடுநாள் கிடந்தது, கடைசியில் நான் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரியில் கெஞ்சி அவர்கள் மருத்துவக் கழிவோடு சேர்த்து அனுப்பினேன். ஊசி, விரலில் குத்துகிற லான்செட் விஷயமும் இதுதான். 2016 மருத்துவக் கழிவு விதிகள் முகாம்களுக்கும் பொருந்தும், ஊசி முனைகள் குத்தினாலும் கிழியாத வெள்ளை டப்பாவில்தான் போக வேண்டும். முகாமுக்குக் கிளம்புவதற்கு முன்பே எந்த ஆஸ்பத்திரி இதை வாங்கிக்கொள்ளும் என்று எழுத்தில் வாங்கி வையுங்கள். ஒரு ஊரில் எங்களுக்கு முன்னால் வந்துபோன ஏதோ ஒரு முகாம்காரர்கள் போட்டுவிட்டுப் போன ஊசி, தூய்மைப் பணியாளர் அக்கா ஒருவர் விரலில் ஏறியிருந்தது. அவர் அதைக் காட்டி, "உங்க ஆளுங்கதானே" என்று கேட்டபோது, நாங்கள் இல்லை என்று சொல்லக்கூட வாய் வரவில்லை.

அடுத்து டாக்டர். வருகிறேன் என்று சொன்ன டாக்டர் ஞாயிறு காலை ஏழு மணிக்கு வாட்ஸப்பில் "அவசர கேஸ்" என்று அனுப்புவார். ஊரில் பள்ளிக்கூடத் திண்ணையில் எழுபது பேர் காலை ஆறு மணியிலிருந்து உட்கார்ந்திருப்பார்கள், பாதிப் பேர் சர்க்கரை பார்ப்பதற்காகச் சாப்பிடாமல். அந்த நேரத்தில் வருகிற நெருக்கடி எப்படி இருக்கும் என்றால், "போன தடவை குடுத்த அதே மாத்திரைதானேம்மா, நீயே எடுத்துக் குடு, உனக்குத் தெரியாததா" என்பார்கள். பாசமாகத்தான் சொல்வார்கள். கொடுக்கக் கூடாது. டாக்டர் இல்லாமல் நான் மாத்திரை கொடுத்தால் அது குற்றம், அதைவிட முக்கியம், அவருக்கு இந்த மாதம் சிறுநீரகம் எப்படி இருக்கிறது, கால் வீங்கியிருக்கிறதா என்று பார்க்க எனக்குத் தெரியாது. மறுத்ததற்காக ஒரு பாட்டி, "டீசல் போட்டு எங்க மூஞ்சியப் பாக்க வந்தியா" என்று கேட்டுவிட்டுப் போனது. ஹவுஸ் சர்ஜன், அதாவது எம்பிபிஎஸ் பயிற்சிக் காலத்தில் இருக்கிற பிள்ளைகளை அனுப்பி வைக்கிறேன் என்றும் ஒருவர் சொன்னார். அவர்களுக்கு இருப்பது தற்காலிகப் பதிவுதான், மூத்த டாக்டர் மேற்பார்வை இல்லாமல் தனியாக மருந்து எழுத முடியாது. பிள்ளைகள் ஆர்வமாக வருவார்கள், பிரச்சினை என்று வந்தால் அவர்கள் படிப்பே மாட்டிக்கொள்ளும். நான் கடைசியில் கண்டுபிடித்த வழி: டாக்டர் வராத நாளிலும் வண்டி போகும், ஆனால் பிபி, சர்க்கரை பார்த்து நோட்டில் எழுதுவதோடு சரி. மருந்து அலமாரிச் சாவியையே வீட்டில் வைத்துவிட்டுப் போவேன். சாவி கையில் இல்லை என்றால் மக்களும் வற்புறுத்த மாட்டார்கள், நமக்கும் மனசு இளகாது.

பரிசோதனை என் தொழில் என்பதால் இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். பண்ருட்டிப் பக்கம் வைகாசி மாதம் போனீர்கள் என்றால் சர்க்கரை 400, 450 என்று வரிசையாக வரும். பயந்துவிடாதீர்கள். பலாப்பழம் உரித்த கை. பழச்சாறு விரலில் ஒட்டியிருந்தால் அந்த ஒரு சொட்டு ரத்தத்தோடு அதுவும் சேர்ந்துவிடும், மெஷின் என்ன செய்யும். ஸ்பிரிட் பஞ்சால் துடைத்தால் மட்டும் போதாது, தண்ணீர் விட்டுக் கழுவி, நன்றாகத் துடைத்து உலர்ந்த பிறகு குத்த வேண்டும். ஒரு குடம் தண்ணீரும் ஒரு சோப்பும் வண்டிக்குள் எப்போதும் இருக்கட்டும். 430 காட்டிய ஒரு அம்மாவுக்குக் கை கழுவிவிட்டுப் பார்த்தால் 142. அதை நம்பி மாத்திரை எழுதியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். ஸ்டிரிப் டப்பாவில் 30 டிகிரிக்கு மேல் வைக்காதே என்று போட்டிருக்கும். சித்திரை வெயிலில் பூட்டிய வண்டிக்குள் அதற்கு மேல் எவ்வளவு ஏறும் என்று சொல்ல வேண்டியதில்லை. ஸ்டிரிப்பை வண்டியில் விட்டு வைக்காமல் கைப்பையில் கொண்டு வந்து கைப்பையிலேயே கொண்டு போங்கள். பிபிக்கும் இப்படித்தான். வெயிலில் நடந்து வந்த மூச்சோடு பார்த்தால் எல்லோருக்கும் 160 இருக்கும். வந்தவுடன் டோக்கன் கொடுத்து ஐந்து நிமிஷம் பேசாமல் உட்கார வையுங்கள். பெண்களுக்கு ஜாக்கெட் கை இறுக்கமாக இருந்தால் சுருட்டி ஏற்றிவிட்டு அதற்குக் கீழே பட்டையைக் கட்டக் கூடாது, ஒரு மறைப்புத் துணி கட்டி, ஒரு பெண் கூட நின்று, கையை வெளியே எடுக்கச் சொல்லிப் பார்க்க வேண்டும். மறைப்பு இல்லாத முகாமில் பெண்கள் சொல்கிற நோய் வேறு, மறைப்பு இருக்கிற முகாமில் சொல்கிற நோய் வேறு.

முந்திரிக்கொட்டை உடைக்கிற பெண்களின் கையைப் பார்த்திருக்கிறீர்களா? ஓட்டில் இருக்கிற எண்ணெய் பட்டு விரல் கறுத்து, தோல் உரிந்து இருக்கும். சாம்பலைத் தொட்டுக்கொண்டும், ஆமணக்கெண்ணெய் தடவிக்கொண்டும் உடைப்பார்கள். எங்களிடம் வந்த ஒவ்வொரு டாக்டரும் அதற்குப் பத்து நாள் களிம்பு எழுதினார். பத்து நாள் வேலைக்குப் போகாமல் இருந்தால்தானே களிம்பு வேலை செய்யும்? ஒரு தோல் டாக்டரம்மா மட்டும்தான் களிம்பை ஒதுக்கி வைத்துவிட்டு, எந்த மாதிரி கையுறை போட்டால் கொட்டை நழுவாது என்று அவர்களோடு உட்கார்ந்து ஒரு மணி நேரம் பேசினார். அந்த டாக்டரைப் போல இன்னும் நான்கு பேர் கிடைத்திருந்தால் நான் வண்டியை விட்டிருக்கவே மாட்டேன்.

வண்டியை எங்கே நிறுத்துவது என்பதை யாரும் சொல்லித்தர மாட்டார்கள், ஏனென்றால் சொன்னால் அசிங்கம். ஊர்த்தெருவில் கோயில் பக்கம் நிறுத்தினால் காலனிக்காரர்கள் வர மாட்டார்கள். காலனியில் நிறுத்தினால் ஊர்க்காரர்கள் தலைவலி கூட இல்லை என்பார்கள். பள்ளிக்கூடம், அங்கன்வாடி, ரேஷன் கடை, இந்த மூன்றில் எதற்கு இரண்டு பக்க ஆட்களும் ஏற்கெனவே வந்து போகிறார்களோ அங்கே நிறுத்துங்கள். சாப்பாடு, பந்தல் போட்டுத் தருகிறேன் என்று ஊர்ப் பெரிய மனிதர் யாராவது முன்வந்தால் பணிவாக மறுத்துவிடுங்கள், அது யார் வீட்டு முகாம் என்று ஆகிவிடும். நேரமும் முக்கியம். முந்திரி சீசனில் விடிவதற்குள் தோப்புக்குப் போய்விடுவார்கள். கடலோரக் குப்பங்களுக்குப் போவதாக இருந்தால் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலத்தில் போங்கள், ஆண்கள் வீட்டில் இருப்பார்கள். மற்ற மாதங்களில் பெண்களும் கிழவர்களும் மட்டும்தான் வருவார்கள், பிபி இருப்பதே தெரியாத நாற்பது வயசு ஆம்பளை கடலில் இருப்பார்.

இனி அந்தத் தாத்தா. இதை எழுதத்தான் இவ்வளவும் எழுதினேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். கெடிலம் ஆற்றுப் பக்கத்து ஊர், எழுபது வயசு இருக்கும். டாக்டர் கேட்டார், "ஏற்கெனவே மாத்திரை ஏதாச்சும் சாப்பிடறீங்களா?" தாத்தா, "இல்லீங்க ஐயா" என்றார். சர்க்கரை 280. டாக்டர் மெட்ஃபார்மினும் கிளிமிபிரைடும் எழுதினார், ஒரு மாதத்துக்குக் கொடுத்தோம். அடுத்த சனிக்கிழமை ராத்திரி பதினோரு மணி வாக்கில் அவர் மருமகள் போன் செய்தாள். "அக்கா, மாமாவுக்குப் பேச்சு கொளறுது, சட்டையெல்லாம் நனையிற மாதிரி வேர்க்குது, யாருன்னு கேட்டா முறைக்கிறாரு." முழுங்க முடிகிறதா என்று கேட்டேன், முடிகிறது என்றாள். சர்க்கரைத் தண்ணீர் கொடுக்கச் சொல்லிவிட்டு 108-ஐக் கூப்பிடச் சொன்னேன். பத்து நிமிஷத்தில் தாத்தா தெளிந்து உட்கார்ந்து, ஆம்புலன்ஸ் வேண்டாம், சரியாகிவிட்டது என்று அனுப்பிவிட்டார். அவர் தெளிந்ததைக் கேட்டு நானும் படுக்கப் போயிருப்பேன், ஆனால் கிளிமிபிரைடு வகை மாத்திரையின் வேலை சர்க்கரைத் தண்ணீரோடு முடிகிறதில்லை, உடம்பில் அது இருக்கிறவரை மறுபடி மறுபடி இறக்கும் என்று எங்கள் லேபில் பார்த்த கேஸ்கள் ஞாபகம் வந்தது. திருப்பிக் கூப்பிட்டுத் திட்டாத குறையாகச் சொன்னேன். அவர்கள் மறுபடி 108-ஐக் கூப்பிட்டு, அது வருவதற்குள் தாத்தா மறுபடி சாய்ந்துவிட்டார். இந்தத் தடவை வாயில் எதையும் ஊற்ற வேண்டாம் என்று கத்தினேன், நினைவில்லாதவருக்குத் தண்ணீர் கொடுத்தால் மூச்சுக்குழாயில் போய்விடும். கடலூர் பெரியாஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏற்றி, மறுநாள் முழுக்க வைத்திருந்துதான் அனுப்பினார்கள். பிழைத்துக்கொண்டார். நான் அந்த ராத்திரி முழுக்க வாசப்படியில் போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், வண்டியை விட்டுவிடலாம் என்று நினைத்ததும் அன்றைக்குத்தான்.

மறுநாள் அவர் வீட்டுக்குப் போனேன். சாமி படத்துக்குக் கீழே மாடத்தில் இரண்டு கவர். ஒன்று எங்களுடையது. இன்னொன்று அரசு மாத்திரை, அதே மெட்ஃபார்மின், அதே கிளிமிபிரைடு, அட்டை மட்டும் வேறு நிறம். தமிழக அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் மாதாமாதம் வீட்டுக்கே கொண்டுவந்து கொடுத்ததைத் தாத்தா விட்டு விட்டுச் சாப்பிட்டிருக்கிறார். 280 வந்ததற்குக் காரணம் அது. எங்கள் மாத்திரையைப் பார்த்ததும் பயந்து இரண்டையும் ஒழுங்காகச் சாப்பிட ஆரம்பித்திருக்கிறார். ஏன் டாக்டரிடம் சொல்லவில்லை என்று மருமகள் கேட்டதற்கு அவர் சொன்ன பதில்: "அது கவர்மென்ட் மாத்திரை, சக்கரைக்கு. இது வண்டி மாத்திரை, உடம்புக்கு." இதற்கு மேல் புரட்டாசி சனி விரதம், மத்தியானம் ஒருவேளைதான் சாப்பாடு. இதில் யாரைக் குறை சொல்வது? டாக்டர் கேட்டார், தாத்தா தனக்குத் தெரிந்ததைச் சொன்னார். வண்டியில் நல்ல மாத்திரை கிடைக்கும் என்று நினைத்து, ஏற்கெனவே சாப்பிடுகிறேன் என்று சொன்னால் கொடுக்க மாட்டார்களோ என்று மறைக்கிறவர்கள் நிறையப் பேர் உண்டு என்பது பிறகுதான் தெரிந்தது.

அந்த வாரமே லீவு போட்டுவிட்டு அந்தப் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனேன். அங்கிருந்த டாக்டர் முதலில் முகம் கொடுத்துப் பேசவில்லை. "நீங்க பாட்டுக்கு வர்றீங்க, மாத்திரை குடுக்கறீங்க, எங்க லிஸ்ட்ல இருக்கிற ஆளு உங்ககிட்ட வாங்கிட்டு எங்களுத வாசல்லயே வேண்டாம்ங்கிறாங்க. நீங்க வராத மாசம் என்ன பண்ணுவாங்க?" என்று கேட்டார். கோபம் வந்தது, ஆனால் கேள்வி நியாயமானது. மக்களைத் தேடி மருத்துவம் 2021 ஆகஸ்டில் ஆரம்பித்தது. எங்கள் வண்டி அதற்கு முந்தைய காலத்துக் கணக்கில் ஓடிக்கொண்டிருந்தது. மாத்திரையே கிடைக்காத ஊர் என்று நினைத்துக்கொண்டு, மாத்திரை ஏற்கெனவே வீட்டு வாசலுக்கு வருகிற ஊரில் இன்னொரு மாத்திரையைக் கொட்டிக்கொண்டிருந்தோம். அந்த ஊர்களில் இல்லாதது வேறு. மாத்திரையை விட்டு விட்டுச் சாப்பிடுகிறவரைப் பிடித்து உட்கார வைத்துப் பேச ஆள் இல்லை. கண் பார்வை மங்கினவரைக் கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போக ஆள் இல்லை. யானைக்கால் வீங்கின பாட்டிக்கு, தினமும் காலைக் கழுவி விரலிடுக்கை ஈரமில்லாமல் துடைத்து வைத்தால் ஜுரம் அடிக்கடி வராது என்று செய்து காட்ட ஆள் இல்லை.

அதன் பிறகு முறையை மாற்றினேன். முகாமுக்கு முந்தின வாரம் கிராம சுகாதாரச் செவிலியரிடம் போய், யாரைப் பார்க்க வேண்டும் என்று அவரிடமே பட்டியல் கேட்பேன். "உங்க வேலைய நாங்க செய்ய வரலக்கா, உங்களுக்குத் தொந்தரவா இருக்கிற ஆளுங்கள எங்ககிட்ட தள்ளுங்க" என்று சொன்ன பிறகு அவர் முகமே மாறிவிட்டது. முகாமுக்கு வருகிற எல்லோரும் வீட்டில் இருக்கிற அத்தனை மாத்திரையையும், கவர்மென்ட், தனியார், நாட்டு மருந்து, பக்கத்து வீட்டில் கடன் வாங்கினது எல்லாவற்றையும் ஒரு மஞ்சப்பையில் போட்டுக்கொண்டு வர வேண்டும். பை இல்லாமல் வந்தால் டோக்கன் கிடையாது. மாத்திரை சாப்பிடறீங்களா என்று கேட்பதை நிறுத்திவிட்டு, பையைக் கொட்டிப் பார்க்க ஆரம்பித்தோம். கொட்டிப் பார்த்தபோது ஒரே வலி மாத்திரை மூன்று பெயரில் இருந்ததையும், செத்துப்போன வீட்டுக்காரரின் இருதய மாத்திரையை ஒரு அம்மா வீணாகக் கூடாதென்று சாப்பிட்டுக்கொண்டிருந்ததையும் பார்த்தோம். ஆளுக்கு ஒரு நாற்பது பக்க நோட்டு, அவர்கள் கையிலேயே இருக்கும், எங்கள் டாக்டரும் அதில்தான் எழுதுவார், சுகாதார நிலையத்து டாக்டரும் அதில்தான் பார்ப்பார். சர்க்கரைக்கும் பிபிக்கும் நாங்கள் மாத்திரை கொடுப்பதை அடியோடு நிறுத்திவிட்டோம். ஊரில் கொஞ்ச நாள் வசை வாங்கினோம், கூட்டம் மூன்றில் ஒரு பங்கானது. செலவும் குறைந்தது என்பதைச் சொல்லத்தான் வேண்டும்.

எல்லை விஷயம் ஒன்று. பாகூர், வில்லியனூர் பக்கம் தெரிந்தவர்களுக்கு இது புரியும், ஒரு வயல் புதுச்சேரி, அடுத்த வயல் தமிழ்நாடு. மேல்சிகிச்சைக்குச் சீட்டு எழுதுவதற்கு முன்னால் எந்த ரேஷன் கார்டு என்று கேளுங்கள். தமிழ்நாட்டுக் கார்டுக்காரருக்கு முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம் உண்டு, புதுச்சேரிக்காரருக்கு அது கிடையாது, அவருக்கு வழி வேறு. புதுச்சேரியில் இருக்கிற மத்திய அரசு ஆஸ்பத்திரியான ஜிப்மருக்கு இரண்டு பக்க ஆட்களும் போகிறார்கள், ஆனால் ஞாயிற்றுக்கிழமை முகாமில் சீட்டு எழுதிக்கொடுத்து "நாளைக்கு ஜிப்மர் போங்க" என்று சொன்னால் பத்தில் எட்டுப் பேர் போவதில்லை. விடியற்காலை வரிசையில் நிற்க வேண்டும், எந்தக் கட்டடம் என்று தெரியாது, ஒரு நாள் கூலி போகும். கூடப் போக ஆள் ஏற்பாடு செய்ய முடியவில்லை என்றால் சீட்டு எழுதியதற்கு அர்த்தமே இல்லை. ஒரு முகாமில் ஐம்பது பேரைப் பார்ப்பதற்குப் பதில், திங்கட்கிழமை இரண்டு பேரைக் கூட்டிப் போய்க் காட்டிவிட்டு வாருங்கள்.

இனி வண்டி. 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் வந்து, புதுச்சேரியில் ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. மழை விட்டது என்று மூச்சு விடுவதற்குள் சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு ஒன்றரை லட்சம் கன அடிக்கு மேல் திறந்துவிட, டிசம்பர் 2-ஆம் தேதி தென்பெண்ணை கரை மீறி வந்தது. வண்டி ஆற்றுப் பக்கம் தெரிந்தவர் ஒருவரின் கொட்டகையில் நின்றது. ஜன்னல் மட்டம் வரை தண்ணீர். வடிந்த பிறகு ஸ்டார்ட் போட்டுப் பார்க்கவே கூடாது, என்ஜினுக்குள் தண்ணீர் இருந்தால் உடைந்துவிடும், காப்பீட்டுக்காரர்களும் அதைக் காட்டியே கழற்றிவிடுவார்கள் என்று டிரைவர் அண்ணன் சொன்னதால் தொடாமல் இழுத்துக்கொண்டு போனோம். ஒர்க்ஷாப்பில் 1,60,000 ரூபாய் சொன்னார்கள். பரவாயில்லை, ஃபர்ஸ்ட் பார்ட்டி இன்சூரன்ஸ் நான்தானே வருஷா வருஷம் கட்டிக்கொண்டிருந்தேன் என்று நம்பிக்கையாக இருந்தேன். இன்சூரன்ஸ் சர்வேயர் வந்து பார்த்துவிட்டு வண்டியின் பதிவுச் சான்றை, அதாவது ஆர்சியைக் கேட்டார். ஆர்சியில் பயணிகள் வேன், உள்ளே கட்டிலும் அலமாரியும். வண்டியின் அமைப்பை மாற்றினால் ஆர்டிஓ ஒப்புதல் வாங்கி ஆர்சியில் ஏற்ற வேண்டும், மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆவது பிரிவு அதைத்தான் சொல்கிறது என்றார். சீட்டைக் கழற்றின காலத்தில் யாரும் அதைச் செய்யவில்லை. அது போகட்டும் என்றால், பாலிசி டிரஸ்ட் பெயரில் இருக்கிறது, பணம் கட்டியது நான் என்பதால் நான் உரிமை கோர முடியாது. டிரஸ்ட் சார்பில் கையெழுத்துப் போட வேண்டியவர் வேறு தேசத்தில் படுத்த படுக்கையாக இருக்கிறார். ஒரு ரூபாய் வரவில்லை. இழுத்துப் போன கூலி, பிரித்துப் பார்த்த கூலி என்று மேற்கொண்டு 14,000 ரூபாய் கொடுத்ததுதான் மிச்சம்.

ஆகவே யாராவது வண்டியைச் சும்மா தருகிறேன் என்றால், சாவியைத் தொடுவதற்கு முன்னால் ஆர்சி யார் பெயரில், பாலிசி யார் பெயரில், உள்ளே செய்த மாற்றம் ஆர்சியில் ஏறியிருக்கிறதா, எஃப்சி என்கிற தகுதிச் சான்று எப்போது முடிகிறது, இந்த நான்கையும் கண்ணால் பாருங்கள். பெயர் மாற்றினால் பதினான்கு நாளுக்குள் பாலிசியையும் மாற்றக் கேட்டு எழுதிக் கொடுங்கள். இதையெல்லாம் செய்ய மனமில்லாதவர் தருகிற வண்டி வேண்டாம், முகாம் அன்றைக்கு மட்டும் வாடகைக்கு எடுத்துக்கொள்ளுங்கள், கணக்குப் பார்த்தால் அதுதான் மலிவு. கட்டில் இல்லாவிட்டால் என்ன, அங்கன்வாடியில் பெஞ்சு இருக்கிறது.

இப்போது நான் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸில்தான் போகிறேன். பிபி மெஷின், சர்க்கரை மெஷின், ஊசி டப்பா, சோப்பு, நோட்டு. துணை சுகாதார நிலையத்துத் திண்ணையில் செவிலியர் அக்கா பட்டியலோடு இருப்பார், மஞ்சப்பைகளைக் கொட்டிப் பார்ப்போம், பாதி நாள் ஒரு டாக்டரும் வருவார். வண்டியைக் காயலான் கடைக்குப் போடலாம் என்றால் ஆர்சியை ரத்து செய்ய உரிமையாளர் கையெழுத்து வேண்டும், செய்யாமல் போட்டால் நாளைக்கு அந்த நம்பரில் ஏதாவது வந்தால் டிரஸ்ட்டைத் தேடி வருவார்கள், டிரஸ்ட் என்றால் ஊரில் எல்லோரும் என்னைத்தான் கைகாட்டுவார்கள். பெரியவரின் மகனுக்குப் படிவம் அனுப்பியிருக்கிறேன், கையெழுத்து இன்னும் வரவில்லை. அதுவரை ஒர்க்ஷாப்காரர் இட வாடகையாக மாதம் ஐந்நூறு கேட்கிறார், கொடுத்துக்கொண்டிருக்கிறேன்.